டைம்ஷேரிலிருந்து வெளியேற எந்தக் கதவைத் தட்டுவது?

பெரியப்பா காலமாகி நான்கு மாதம் கழித்து, பெரியம்மா ஒரு கடித உறையை என் கையில் கொடுத்தார். "இதை இன்னும் எத்தனை வருடம் கட்ட வேண்டும் என்று பார்த்துச் சொல்" என்றார். உள்ளே இருந்தது ஒரு ரிசார்ட்டின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டண பில். அங்கே ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை, அதாவது டைம்ஷேரை, இருவரும் சேர்ந்து வாங்கிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடைசி ஆறு ஆண்டுகளில் அவர்கள் அங்கே போனது ஒரே ஒரு முறை. கட்டணத்தை மட்டும் ஆறு ஆண்டும் தவறாமல் கட்டியிருந்தார்கள்.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். அவர் கேட்ட கேள்விக்கு அதில் விடை இல்லை. முடிவுத் தேதி என்று ஒன்றே அதில் எழுதப்படவில்லை.

பிறகு ஏறக்குறைய எட்டு மாதம் வெளியேறும் வழிகளைத் தேடினேன். வழிகள் பல இருக்கின்றன. ஆனால் அவற்றின் தரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஒவ்வொன்றையும் எடைபோட ஒரு கேள்வி எனக்கு உதவியது. என் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்குவதற்கு முன்பே என்னிடம் புதிதாகப் பணம் கேட்பது யார்? விற்ற நிறுவனத்தைத் தவிர வேறு யார் கேட்டாலும் அந்த வழியை வரிசையின் கடைசிக்குத் தள்ளினேன். அந்த முடிவில் இன்றும் மாற்றமில்லை.

கையில் இருப்பது என்ன?

டைம்ஷேர் என்ற எண்ணத்தில் பிழை இல்லை. 1963-இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாப்பிமாக் என்ற நிறுவனமும், 1967-இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் சூப்பர்தேவோலுய் என்ற பனிச்சறுக்கு ஊரில் நடந்த விற்பனையும் இதன் முன்னோடிகள். ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஒரு விடுமுறை வீட்டைப் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டால் செலவும் பங்காகும். நல்ல யோசனைதான். ஒரே இடத்துக்கு ஆண்டுதோறும் போவது அலுத்துவிடும் என்பதால், வாரங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள ஆர்.சி.ஐ., இன்டர்வெல் இன்டர்நேஷனல் என்ற பரிமாற்ற நிறுவனங்கள் முறையே 1974-இலும் 1976-இலும் அமெரிக்காவில் தோன்றின.

சிக்கல் விற்கும் முறையில் இருக்கிறது. இலவசப் பரிசு, மணிக்கணக்கில் நீளும் விளக்கக் கூட்டம், "இன்று கையெழுத்திட்டால் மட்டுமே இந்த விலை" என்ற நெருக்கடி ஆகிய எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. வாங்குபவர் கொடுக்கும் விலையில் பெரும் பங்கு அந்தச் செலவுக்கும் கமிஷனுக்கும் போய்விடுகிறது. அதனால்தான் கையெழுத்திட்ட மறுநாளே விற்க முயன்றாலும் கொடுத்த விலையில் சிறு துண்டுகூடத் திரும்புவது அரிது. வாங்கிய விலை போனது போனதுதான். இதை ஏற்றுக்கொள்ளப் பெரியம்மாவுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. "இவ்வளவு கொடுத்து வாங்கியதைச் சும்மா விட்டுவிடுவதா?" என்று அவர் கேட்டபோதெல்லாம் எனக்கு நெஞ்சு வலித்தது. ஆனாலும், போன பணத்தை மீட்கலாம் என்ற ஆசையைத்தான் மோசடிக்காரர்கள் தூண்டிலில் மாட்டுகிறார்கள். அந்த ஆசையை முதலில் விட்டால்தான் மற்ற வழிகளைத் தெளிவாகப் பார்க்க முடியும்.

அடுத்ததாக, உங்களிடம் இருப்பது எந்த வகை என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். சிலவற்றில் சொத்துப் பத்திரமே உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும். அது காலவரையின்றித் தொடரும், வாரிசுகளுக்கும் போகும். சிலவற்றில் இத்தனை ஆண்டுகள் பயன்படுத்தும் உரிமை மட்டும் இருக்கும். காலம் முடிந்தால் கட்டும் கடமையும் முடியும். மூன்றாவது வகை பாயின்ட் முறை. குறிப்பிட்ட வாரத்துக்குப் பதில் பாயின்ட் கிடைக்கும், அதைக் கொடுத்து அறை எடுக்கலாம். அது பத்திரத்தோடும் வரலாம், வெறும் உறுப்பினர் உரிமையாகவும் வரலாம். பயன்பாட்டு உரிமையில் இன்னும் மூன்றே ஆண்டுகள் மிச்சம் என்றால், வெளியேற அலைவதைவிடப் பொறுத்து முடிப்பதே மலிவாக இருக்கக்கூடும். காலவரையற்ற பத்திரத்தில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

வைத்துக்கொள்வதா, விடுவதா?

பராமரிப்புக் கட்டணம் இந்த ஆண்டு 100 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமானாலும் சரி. ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்ந்தால் பதினான்கு, பதினைந்து ஆண்டில் அது இரட்டிப்பாகும். இருபத்தைந்தாம் ஆண்டின் பில் 322-ஐத் தாண்டும். இருபத்தைந்து ஆண்டுகளில் கட்டியதை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 4,773 வரும். கட்டணம் ஏறாமலே இருந்திருந்தால் 2,500 மட்டும்தான். உயர்வு 8 சதவீதம் என்றால் ஒன்பதே ஆண்டில் இரட்டிப்பு. இதற்கு மேல், கூரை மாற்றம், புயல் சேதம், பெரிய சீரமைப்பு என்று வந்தால் சிறப்புக் கட்டணம் என்ற பெயரில் தனி பில் வரும். நீங்கள் அந்த ஆண்டு போனீர்களா இல்லையா என்பதை அந்த பில் கேட்பதில்லை.

இந்தக் கணக்கோடு ஒப்பிட வேண்டியது ஒரே ஒரு தொகை. அதே ரிசார்ட்டில், அதே பருவத்தில், அதே அளவு அறைக்கு உறுப்பினர் அல்லாத ஒருவர் இன்று என்ன வாடகை கொடுக்கிறார்? அந்த வாடகை 150, உங்கள் கட்டணம் 100, ஆண்டுதோறும் உண்மையிலேயே போய் வருகிறீர்கள் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் விட்டுவிட வேண்டியதில்லை. பள்ளி விடுமுறை வாரமும் கடலைப் பார்த்த அறையும் வைத்திருந்து, மகிழ்ச்சியோடு பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். அதே அறை வெளியாளுக்கு 80-க்குக் கிடைக்கிறது என்றால், ஆண்டுதோறும் 20 அதிகமாகக் கொடுத்துவிட்டு, தேதியைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தையும் இழக்கிறீர்கள். பெரியம்மாவின் நிலை இதைவிட மோசம். அவர் போகப்போவதே இல்லை.

பரிமாற்றத்தை நம்பி வைத்திருப்பவர்கள் அதன் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பரிமாற்ற நிறுவனத்தின் ஆண்டுச் சந்தா ஒன்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கட்டணம் இன்னொன்று. ஆளில்லாத பருவத்தின் வாரத்தைக் கொடுத்து விடுமுறைக் காலத்தின் வாரத்தைப் பெறுவது எளிதாக நடக்காது.

கையெழுத்திட்டுச் சில நாட்களே ஆகியிருந்தால்

இதைப் படிப்பவர் போன வாரம்தான் கையெழுத்திட்டவர் என்றால், மற்ற பகுதிகளைப் பிறகு படிக்கலாம். இன்றே ரத்துக் கடிதம் எழுதுங்கள்.

இதைப்போல் எளிதான கதவு பிறகு ஒருபோதும் திறக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறிமுறை 14 நாள் அவகாசம் தருகிறது. அந்த நாட்களில் விற்பவர் முன்பணமே வாங்கக் கூடாது. ஃபுளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் 7 நாள், நெவாடாவில் 5 நாள், மெக்சிகோவில் 5 வேலை நாள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. எந்த ஊரில் வாங்கினீர்களோ அந்த ஊரின் சட்டமே பொதுவாகப் பொருந்தும். நீங்கள் வசிக்கும் ஊரின் சட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் சொல்லும் முறையிலேயே, சொல்லும் முகவரிக்கே, அனுப்பியதற்குச் சான்று கிடைக்கும் வகையில் கடிதம் போக வேண்டும். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது. "இரண்டு நாள் பொறுங்கள், மேலாளர் உங்களோடு பேசுவார்" என்று யாராவது சொன்னால், அந்த இரண்டு நாளும் உங்கள் அவகாசத்திலிருந்துதான் கழியும்.

விற்ற நிறுவனத்திடமே திருப்பிக் கொடுப்பது

அவகாசம் முடிந்துபோனவர்களுக்கு நான் முதலிடம் கொடுப்பது இந்த வழிக்குத்தான். பலர் இதை முயன்றே பார்ப்பதில்லை. தங்களை ஏமாற்றியதாக நினைக்கும் நிறுவனத்திடமே போய்ப் பேசுவது கசக்கிறது. அந்தக் கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் பதிவேட்டில் பெயரை மாற்றும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. வேறு யாரிடம் பணம் கொடுத்தாலும், அந்த ஆள் கடைசியில் போய் நிற்கப்போவதும் இதே வாசலில்தான்.

பெரிய நிறுவனங்கள் சிலவற்றில் உரிமையைத் திருப்பி ஒப்படைக்க முறையான திட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்க டைம்ஷேர் தொழிலின் சங்கமான ஆர்டா, எந்த நிறுவனத்தில் யாரை அணுகுவது என்று காட்டுவதற்காகவே ரெஸ்பான்சிபிள் எக்சிட் என்ற இணையதளத்தை நடத்துகிறது. வழக்கமாக மூன்று நிபந்தனைகள் இருக்கும். வாங்கியபோது எடுத்த கடன் முழுவதும் அடைந்திருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இருக்கக் கூடாது. உரிமை வேறு எந்த வழக்கிலும் சிக்கியிருக்கக் கூடாது. சில இடங்களில் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்பார்கள். அதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 5 சதவீதக் கணக்கில் இருபத்தைந்து ஆண்டுக்கு 4,773 கட்டப்போகிறவர், 200 கொடுத்து எழுத்துப்பூர்வமான விடுதலை பெறுவது நல்ல பேரம். பணம் போகும் இடமும், அது எதற்கு என்பதும், கைமாறாகப் பெயர் நீங்கும் என்பதும் ஒரே காகிதத்தில் இருந்தால் நான் தயங்க மாட்டேன்.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் அழைப்பில் எதிர்முனையில் பேசியவர், அப்படி ஒரு திட்டமே இல்லை என்றார். இரண்டாம் முறை அழைத்தபோது பாயின்ட்டை அதிகமாக்கிக்கொண்டால் வசதி கூடும் என்று விற்கத் தொடங்கினார்கள். மூன்றாவதாகத் தொலைபேசியை விட்டுவிட்டுக் கடிதம் எழுதினேன். உரிமையாளர் பெயர், ஒப்பந்த எண், பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழின் நகல், பெரியம்மாவின் வயது, கடன் பாக்கி இல்லை என்பது, உரிமையைத் திருப்பி ஒப்படைக்க விரும்புகிறார் என்பது. ஒரு பக்கம்தான். குற்றச்சாட்டு எதையும் எழுதவில்லை. எழுத ஆசை இருந்தது, அடக்கிக்கொண்டேன். ஆறு வாரத்தில் வேறொரு பிரிவிலிருந்து பதில் வந்தது. முதியவர், இணையர் இறந்தவர், உடல்நலம் குன்றியவர் ஆகியோருக்குச் சில நிறுவனங்கள் விளம்பரப்படுத்தாத சலுகை வைத்திருக்கின்றன என்பதை அப்போதுதான் அறிந்தேன். இல்லை என்று முதலில் சொல்பவருக்குப் பெரும்பாலும் ஆம் என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. அவரிடம் சண்டையிடுவதில் பயனில்லை. எழுத்தில் கேளுங்கள், மேலிடத்துக்கு எழுதுங்கள்.

விற்பது, கொடுப்பது, வாடகைக்கு விடுவது

சில பெயர்களுக்கு மறுவிற்பனையில் உண்மையான மதிப்பு இருக்கிறது. 1991-இல் தொடங்கிய டிஸ்னி வெக்கேஷன் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முடிவுத் தேதி உண்டு. பழைய ரிசார்ட்டுகள் பலவற்றில் 2042 ஜனவரியோடு உரிமை முடிகிறது. வருகிறவர்களும் நிறைய. அதனால் பழைய உரிமைகளை வாங்க ஆள் இருக்கிறது. அங்கேயும் 2019 ஜனவரிக்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்குபவர்கள் புதிய ரிசார்ட்டுகளில் அந்தப் பாயின்ட்டைப் பயன்படுத்தத் தடை வந்தது. மறுவிற்பனையில் வாங்குபவருக்குச் சலுகைகளைக் குறைப்பது பல நிறுவனங்களின் பழக்கம். அது உங்கள் விலையைத்தான் குறைக்கிறது.

உங்களுடையது அப்படிப்பட்ட பெயரா என்று அறிய எளிய வழி, ஏல இணையதளங்களில் விற்று முடிந்த விலைகளைப் பார்ப்பது. கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஒரு டாலருக்குப் போட்டும் யாரும் எடுக்காத வாரங்கள் அங்கே வரிசையாக நிற்கும். பெரியம்மாவின் ரிசார்ட்டும் அந்த வரிசையில் இருந்தது.

மதிப்பு இருந்தால், விற்ற பிறகு கமிஷன் வாங்கும் உரிமம் பெற்ற தரகரிடம் போகலாம். விளம்பரத்துக்கென்று முன்பணம் கேட்பவரிடம் வேண்டாம். மறுவிற்பனைத் தரகர் விற்பனை முடியும்வரை ஒரு காசும் வாங்கக் கூடாது என்று அதே ஐரோப்பிய நெறிமுறை சட்டமாகவே சொல்கிறது. எல்லா நாட்டிலும் இந்தச் சட்டம் இருந்திருந்தால் எத்தனையோ முதியவர்களின் சேமிப்பு மிஞ்சியிருக்கும். சில ஒப்பந்தங்களில் முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை நிறுவனத்துக்கு இருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பு இல்லாவிட்டால் சும்மா கொடுக்கலாம். டைம்ஷேர் உரிமையாளர்களே 1993-இல் தொடங்கிய டைம்ஷேர் யூசர்ஸ் குரூப் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கொடுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பெயர்மாற்றச் செலவையும் நடப்பு ஆண்டுக் கட்டணத்தையும் கொடுப்பவரே ஏற்றால் ஆள் கிடைக்கும் வாய்ப்பு கூடும். பெறுபவர் நிஜமான ஆளா, கட்டணம் கட்டக்கூடியவரா என்று பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு, ஒன்றுமில்லாத ஒரு பெயருக்கோ காகித நிறுவனத்துக்கோ மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. ரிசார்ட் அந்த மாற்றத்தை ஏற்க மறுத்தால் பில் மீண்டும் உங்களுக்கே வரும்.

வாடகைக்கு விடுவது வெளியேற்றம் ஆகாது. ஓர் ஆண்டின் கட்டணத்தை ஈடுகட்டும் இடைக்கால ஏற்பாடு என்ற அளவில் நல்லது. தேவை மிகுந்த வாரமாக இருந்தால் கைக்குக் காசு வரும். மற்ற வாரங்களுக்கு வராது.

தர்மத்துக்குக் கொடுத்து வரிச்சலுகை பெறலாம் என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். கட்டணம் தொடரும் சொத்தை வாங்கிக்கொள்ள உண்மையான தர்ம நிறுவனங்கள் பெரும்பாலும் முன்வருவதில்லை. நன்கொடையாக வந்த டைம்ஷேர்களுக்கு மிகையான மதிப்புப் போட்டுக் கொடுத்த ஒரு வழக்கறிஞர் மீது அமெரிக்க வரித்துறை 80 லட்சம் டாலருக்கும் மேல் அபராதம் விதித்திருக்கிறது.

வெளியேற்றித் தருகிறோம் என்பவர்கள்

கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய இடம் இது. இருமுறை ஏமாறுகிறவர்கள் இங்கேதான் இரண்டாம் முறை ஏமாறுகிறார்கள்.

வெளியேற்ற நிறுவனம் என்ற பெயரில் நடப்பவை பொதுவாகப் பெரிய தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கின்றன. நூறு சதவீத உத்தரவாதம் என்கின்றன. பிறகு, ரிசார்ட்டோடு நீங்கள் பேசாதீர்கள், கட்டணத்தை நிறுத்திவிடுங்கள் என்கின்றன. மாதங்கள் போகும். கட்டணப் பாக்கி ஏறும், வசூல் நிறுவனத்திலிருந்து கடிதம் வரும். கடைசியில் ரிசார்ட் உரிமையைப் பறிமுதல் செய்தால், "பாருங்கள், வெளியே எடுத்துவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. காசு கொடுக்காமலே நடந்திருக்கக்கூடிய ஒன்றுக்குக் காசு கொடுத்திருப்பீர்கள். அதோடு, திருப்பி ஒப்படைக்கும் திட்டத்துக்கு வேண்டிய "பாக்கி இல்லை" என்ற தகுதியும் போயிருக்கும். நல்ல கதவை அவர்களே உங்கள் முகத்தில் சாத்திவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

2022 நவம்பரில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேடு கமிஷனும் விஸ்கான்சின் மாநிலமும் சேர்ந்து ஸ்கொயர் ஒன் டெவலப்மென்ட் குரூப் என்ற மிசௌரி நிறுவனத்தின் மீதும் அதன் தொடர்பு நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தன. வெளியேற்றித் தருவதாகச் சொல்லி, பெரும்பாலும் முதியவர்களிடமிருந்து, 9 கோடி டாலருக்கும் மேல் பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இந்தத் துறையில் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. தொகையை மூன்றாம் தரப்பின் காப்புக் கணக்கில் வைத்து, பெயர்மாற்றம் முடிந்த பிறகே எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் காப்புக் கணக்கு என்ற சொல்லையும் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். கணக்கை வைத்திருப்பவர் யார் என்று நீங்களே தனியாக விசாரிக்க வேண்டும்.

இதைவிடக் கொடியது, உங்கள் வாரத்தை வாங்க ஆள் காத்திருக்கிறார் என்று தானாக வரும் தொலைபேசி அழைப்பு. பெரியம்மாவுக்கும் வந்தது. அவருடைய ரிசார்ட்டின் பெயர், வாங்கிய ஆண்டு, அறை வகை எல்லாம் அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது. வாங்கிய விலையைவிடக் கூடுதல் தொகை. முதலில் வரிக்கும் பதிவுக்கும் மட்டும் கொஞ்சம் அனுப்ப வேண்டும். "நம் விவரம் எல்லாம் சரியாகச் சொல்கிறாரே, பொய் சொல்வாரா?" என்று கேட்டார் பெரியம்மா. வங்கிக்குக் கிளம்ப மறுநாள் காலை என்று முடிவு செய்திருந்தார். அன்று மாலை தற்செயலாக நான் போயிருந்தேன்.

அழைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வகை மோசடியின் பின்னால் யார் இருக்கக்கூடும் என்று 2024 ஜூலையில் அமெரிக்கக் கருவூலத்துறையும் எஃப்.பி.ஐ.யும் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கை திடுக்கிட வைத்தது. மெக்சிகோவின் ஹலிஸ்கோ போதைக் கும்பல் இந்தத் தொழிலை நடத்துகிறது. 2019 முதல் 2023 வரை ஏறக்குறைய 6,000 அமெரிக்கர்கள் 30 கோடி டாலர் அளவுக்கு இழந்ததாகப் புகார் செய்திருக்கிறார்கள். முதலில் வாங்குபவர் இருக்கிறார் என்று ஒரு குரல். ஏமாந்த பிறகு, இழந்ததை மீட்டுத் தருகிறேன் என்று வழக்கறிஞர் வேடத்தில் இன்னொரு குரல். அதற்கும் ஏமாந்தால் அரசு அதிகாரி வேடத்தில் மூன்றாவது குரல். உண்மையில் வாங்க வருபவர் விற்பவரிடமிருந்து வரியை முன்கூட்டி வாங்கமாட்டார். கழிக்க வேண்டியதை விலையில் கழித்துக்கொள்வார்.

வழக்கறிஞரை எப்போது நாடலாம்? விற்பனையின்போது சொன்ன பொய்க்கு எழுத்தில் சான்று இருந்தால், அல்லது ஒப்பந்தமே சட்டத்தை மீறியிருந்தால் நாடலாம். ஸ்பெயின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1998-இன் சட்டம் டைம்ஷேர் உரிமைக்கு 3 முதல் 50 ஆண்டு என்று வரம்பு வைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பிறகும் காலவரையின்றி விற்ற ஒப்பந்தம் செல்லாது என்று 2015 ஜனவரியில் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின் பலர் வென்றார்கள். ஆனால் எதிரி நிறுவனம் திவாலாகிவிட்டால் வென்ற தொகையை வசூலிக்க முடியாது. நிறுவனம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, சொத்து வைத்திருக்கிறதா என்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். சான்று ஏதுமின்றி "அவர் வாயால் அப்படிச் சொன்னார்" என்பது மட்டும் இருந்தால், ஒப்பந்தத்தில் பொதுவாக இருக்கும் "வாய்மொழி வாக்குறுதி எதுவும் இல்லை" என்ற வரிக்கு எதிரே அது நிற்பது கடினம். விளம்பரம் பார்த்து வருகிறவரைவிட, நீங்களே தேடி, வழக்கறிஞர் மன்றத்தில் பெயரைச் சரிபார்த்து, ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் கட்டணம் கொடுத்துத் தொடங்குவது நல்லது.

கட்டாமல் விட்டுவிடுவது

இதைப் பலர் மெதுவான குரலில் கேட்கிறார்கள். கட்டாவிட்டால் என்ன ஆகும்? பாக்கியோடு வட்டியும் தாமதக் கட்டணமும் சேரும். வசூல் நிறுவனம் வரும். பல நாடுகளில் கடன் வரலாற்றில் கரும்புள்ளி விழும். அமெரிக்காவில் அது பொதுவாக ஏழு ஆண்டு நிற்கும். இறுதியில் உரிமை பறிமுதலாகலாம், அல்லது நீதிமன்றத்தில் தொகை கேட்டு வழக்கு வரலாம். வாங்கியபோது எடுத்த கடன் தீராமல் இருந்தால் விளைவு இன்னும் கடுமை. தள்ளுபடியான கடனை வருமானமாகக் கருதி வரி கேட்கும் நாடும் உண்டு.

எல்லா வழியும் அடைபட்ட பிறகு, இனிப் புதிதாகக் கடன் வாங்கும் தேவையே இல்லாத ஒருவர், விளைவைத் தெரிந்துகொண்டு, உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு எடுக்கும் முடிவாக இது இருக்கலாம். அப்படி எடுப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப்போகும் இளையவர் எடுக்கவே கூடாத முடிவும் இதுதான்.

வாரிசுகளுக்கு

பெரியம்மாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார். அதனால் அவருக்கு மறுக்கும் வழி இல்லை. பிள்ளைகளின் நிலை வேறு. வாரிசாக வரும் சொத்தை ஏற்க மறுக்கும் உரிமை பல நாடுகளின் சட்டத்தில் உண்டு. அமெரிக்க வரிச்சட்டம் ஏற்கும் மறுப்புக்கு, இறந்த நாளிலிருந்து பொதுவாக ஒன்பது மாதம் அவகாசம். மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். அதற்கு முன் அந்தச் சொத்தின் பயனை ஏற்றிருக்கக் கூடாது. அம்மாவின் நினைவாக ஒரு முறை போய்த் தங்கிவிட்டு வருவோம் என்று கிளம்பினால் அந்த உரிமை போய்விடலாம். பில்லை உங்கள் பெயரில் கட்டத் தொடங்குவதும் சிக்கலாகலாம். ஆகவே எதையும் செய்வதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுவது மேல். பெற்றோரிடம் டைம்ஷேர் இருக்கிறதா, எந்த வகை, கடன் பாக்கி உண்டா, ஒப்பந்தம் எந்த அலமாரியில் இருக்கிறது? இந்தக் கேள்விகளைப் பெரியப்பாவிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் ஆறு ஆண்டுக் கட்டணம் மிஞ்சியிருக்கும்.

ஒப்படைப்பு எப்போது முடிந்தது என்று அறிய

நிறுவனம் "சரி" என்று சொன்னதோடு முடிவதில்லை. பத்திர வகை என்றால் மாற்றுப் பத்திரம் உரிய பதிவு அலுவலகத்தில் பதிவாகி, அதன் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். பயன்பாட்டு உரிமை, பாயின்ட் வகை என்றால் உறுப்பினர் கணக்கு மூடப்பட்டது, பாக்கி இல்லை, எதிர்காலக் கட்டணப் பொறுப்பு இல்லை என்று மூன்றையும் சொல்லும் கடிதம் வேண்டும். வங்கியில் தானாகக் கட்டணம் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால் அந்தக் கடிதம் வந்த அன்றே நிறுத்துங்கள், அதற்கு முன் வேண்டாம். பரிமாற்ற நிறுவனத்தின் சந்தா தனி. அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

பெரியம்மாவின் கடிதம் வந்தபோது மூன்றில் இரண்டுதான் அதில் இருந்தது. எதிர்காலக் கட்டணம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மீண்டும் எழுதினேன். பதினெட்டு நாளில் திருத்திய கடிதம் வந்தது. பெரியம்மா அதை மூக்குக் கண்ணாடி போட்டு இருமுறை படித்தார். "வருடம் எத்தனை என்று கேட்டேனே, இப்போது சொல்" என்றார்.

"இந்த வருடத்தோடு சரி, பெரியம்மா" என்றேன்.